நர்சம்மாவின் சுகம்

டெட்ராய்ட்
21-10-1990

கர்த்தருக்குள் பிரியமான தங்கை அருள்செல்விக்கு அக்கா அன்னத்தாய் எழுதுவது. இங்கு நான், ஞானராஜ், மருமகள் எஸ்தர், பேத்தி எல்லாரும் தேவகிருபையால் சுகம். ராஜபாளையத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. மம்சாபுரத்துத் தெருவெல்லாம் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்த கால், இங்கே சாக்ஸ் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஞானராஜுக்குக் கார் கம்பெனியில் நல்ல பெயர். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டை விற்றுக் கொடுத்ததில்தான் இந்த வீடு வாங்க முடிந்தது என்று எஸ்தர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் பல்வலி. டாக்டரிடம் போவோம் என்றேன். ஞானராஜ் என்னை உட்கார வைத்து விளக்கினான். இந்த ஊரில் இன்ஷூரன்ஸ் கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறினால் குடும்பம் கடனில் விழுந்துவிடுமாம். கம்பெனி கொடுத்த கார்டில் அவனும் பெண்டாட்டி பிள்ளையும் மட்டும்தான், அம்மாவுக்கு இடமில்லை. தனியாக வாங்கலாமென்றால் என் வயதுக்கும் பிரஷருக்கும் யாரும் தரமாட்டார்கள். அரசாங்கம் முதியவர்களுக்கு ஒரு கார்டு கொடுக்கிறது. அதற்கு அறுபத்தைந்து வயதும் ஆகவேண்டும், ஐந்து வருஷம் இங்கேயே குடியிருந்திருக்கவும் வேண்டும்.

"அதுவரைக்கும் உடம்புக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கங்கம்மா" என்றான். அதைத்தானே ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சிரித்தேன். பல்லுக்குக் கிராம்பு வைத்தேன், வலி விட்டது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடு. உன் வீட்டுக்காரத் தம்பிக்கு என் அன்பைச் சொல்.

அன்புள்ள அக்கா,
அன்னத்தாய்

*

ராஜபாளையம்
2-12-1990

அன்புள்ள அக்காவுக்கு அருள்செல்வி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. இங்க நாங்க சுகம். உங்க லெட்டர் வந்த அன்னைக்கு அவிய மில்லுல இருந்து வந்ததும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். ஒரு பல்லுக்கு இம்புட்டு யோசனையான்னு கேட்டாக.

நான் இன்னும் பேண்டேஜ் கம்பெனிக்குத்தான் போறேன். துணி மடிச்சு மடிச்சுக் கை காய்ச்சுப்போச்சு. போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுல மம்சாபுரத்துப் பிச்சையம்மாளைப் பாத்தேன். "நர்சம்மா எப்ப வாராக"ன்னு கேட்டா. புதுசா வந்த நர்சு தெருவுக்குள்ள வாறதில்லையாம். நீங்க இருந்தா வீட்டுக்குள்ள வந்து சட்டியைத் திறந்து பாத்து, இன்னைக்கு ஏன் கீரை வைக்கலைன்னு ஏசுவீகளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

மாத்திரை வாங்கி வச்சிருக்கேன். நம்ம பாதிரியார் மகன் ஜனவரியில அங்க வாராராம், அவர்கிட்ட குடுத்து விடுதேன். பனியில வழுக்கி விழுந்துராதீக. கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாருக்கும்.

தங்கச்சி
அருள்செல்வி

*

டெட்ராய்ட்
16-6-1991

பிரியமான அருள்செல்விக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். நீ ஈஸ்டருக்குப் போட்ட கார்டும் மே மாதக் கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் ஞானராஜுக்கு வேலை போய்விட்டது. அவனோடு அந்த டிபார்ட்மெண்ட் முழுவதையும் அனுப்பிவிட்டார்கள். வேலையோடு அந்த இன்ஷூரன்ஸ் கார்டும் போயிற்று. இப்போது வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது என்பதுதான் தினசரி ஜெபம். அவன் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறான், அது ஊரில் யாருக்கும் தெரியவேண்டாம். எஸ்தர் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள். பேத்தி என் கையில்.

அதிருக்கட்டும். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அம்மா போனபோது நீ சின்னப்பிள்ளை. என்ன நோய் என்று உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. மார்பில் வந்த கட்டி அது. அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து, புண்ணான பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. நான்தான் கழுவிக் கட்டினேன். இது தாய்க்கு வந்தால் பெண்மக்களுக்கு வரலாம். உனக்கும் ஐம்பது ஆகப்போகிறது. மதுரைக்குப் போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிவிட்டு வா. வலி இல்லை என்று இருந்துவிடாதே. இது வலிக்காது. குளிக்கும்போது சோப்புக் கையால் நீயே தடவிப் பார். உள்ளே புளியங்கொட்டை மாதிரிக் கெட்டியாக, நகராமல் இருந்தால் அதுதான்.

போய்விட்டு வந்து எழுது.

அக்கா
அன்னத்தாய்

*

ராஜபாளையம்
25-8-1991

அன்புள்ள அக்காவுக்கு அருள்செல்வி எழுதுறது. நாங்க சுகம். ஞானராஜு வேலை விஷயத்தை நினைச்சா சோறு இறங்கலை. சபையில பேர் சொல்லாம ஜெபிக்கச் சொல்லிருக்கேன்.

மதுரைக்குப் போகணும்னுதான் இருந்தேன். ஆடிப்பூரத் தேருக்குப் போற கூட்டத்துல ஒரு வாரம் பஸ்ஸுல கால் வைக்க முடியலை. பொறவு கம்பெனியில லீவு இல்லை. எனக்கு ஒண்ணுமில்லைக்கா. நல்லாத்தான் இருக்கேன். இந்த வயசுல போய் யாரோ ஒரு டாக்டர் முன்னால சேலையை விலக்கிட்டு நிக்கணுமா. அவியகிட்ட எப்படிச் சொல்லிட்டுக் கிளம்ப. கிறிஸ்துமஸ் கழிச்சுப் பாத்துக்கிடலாம்.

எஸ்தர் மறுபடி உண்டாயிருக்கான்னு மகன் போன்ல சொன்னதா பாதிரியார் வீட்டுல சொன்னாக. நீங்க எழுதலையே. எத்தனை மாசம்?

தங்கச்சி
அருள்செல்வி

*

டெட்ராய்ட்
12-9-1991

அருள்செல்வி,

நான் எழுதினதை நீ வாசித்தாயா, மடித்து வைத்தாயா? பஸ்ஸில் கூட்டம், லீவு இல்லை, கிறிஸ்துமஸ் கழியட்டும். மம்சாபுரத்தில் இந்தப் பேச்சை எத்தனை வாசலில் கேட்டிருப்பேன் தெரியுமா ஏட்டி. அறுப்பு முடியட்டும் என்பாள் ஒருத்தி, மகளுக்குக் கல்யாணம் முடியட்டும் என்பாள் இன்னொருத்தி. அவர்களை எல்லாம் அடக்கம் பண்ண நான் போயிருக்கிறேன்.

நீ போய்க் காட்டிவிட்டு எழுதினால் பதில் போடுகிறேன். இல்லாவிட்டால் போடமாட்டேன்.

எஸ்தருக்கு இரண்டு மாதம். ஏப்ரலில் பிரசவம் இருக்கும். எல்லாரும் சுகம்.

அன்னத்தாய்

*

ராஜபாளையம்
10-11-1991

அன்புள்ள அக்காவுக்கு அருள்செல்வி எழுதுறது. இனிமே என்னை ஏச உங்களுக்கு வழியில்லை. மதுரைக்குப் போயிட்டு வந்தாச்சு.

உங்க கடைசி லெட்டரை அவியதான் முதல்ல பிரிச்சாக. வாசிச்சுட்டு, "கிளம்பு, நானும் வாரேன்"னு மில்லுக்கு லீவு சொல்லிட்டாக. அங்க ஒரே கூட்டம். நல்லவேளை லேடி டாக்டர். நான் ஜாக்கெட்டைக் கழட்ட மாட்டேன்னு செத்த நேரம் நின்னேன். "அம்மா, எனக்கு வெளியே அறுபது பேர் இருக்காங்க"ன்னாக. பொறவு அமுக்கிப் பாத்து, கக்கத்துல பாத்து, மிஷின்ல படமும் எடுத்து, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாக. வருஷம் ஒருக்க வரணுமாம். வெளியே வந்ததும் அவியளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நான் பயப்படவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், பஸ்ஸுல ஏறி உக்காந்து கண்டக்டர்கிட்ட மறுபடியும் மதுரைக்கே டிக்கெட் கேட்டிருக்கேன்.

நீங்க விரட்டாட்டி போயிருக்க மாட்டேன். கோபம் தீந்துச்சா? உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு, ஒரு வரியும் எழுத மாட்டேங்கீகளே.

தங்கச்சி
அருள்செல்வி

*

டெட்ராய்ட்
8-12-1991

பிரியமான தங்கைக்கு அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தம்பியிடம் நான் கைகூப்பினேன் என்று சொல்.

எல்லாரும் சுகம். வெளியே முழங்கால் அளவு பனி.

அந்த லேடி டாக்டர் நல்ல மாதிரியாகத் தெரிகிறார். அவரிடம் சிலது கேட்டு எழுதுவாயா? இங்கே சர்ச்சில் பழக்கமான ஒரு சிநேகிதிக்காகக் கேட்கிறேன். கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆகிவிட்டால் ஆபரேஷன் செய்வார்களா? கக்கத்திலும் நெறி கட்டிவிட்டது. மேல்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழிகுழியாக இருக்கிறது. அதற்கு ரேடியேஷன் கரண்ட் வைப்பது மதுரையிலேயே உண்டா, மெட்ராஸ் போகவேண்டுமா? ஏப்ரல் முடியும் வரைக்கும் பொறுத்து வந்தால் பிரயோஜனம் இருக்குமா?

அவளுக்கு இந்த ஊரில் கார்டு இல்லை. அதனால்தான் கேட்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அக்கா
அன்னத்தாய்

*

ராஜபாளையம்
5-1-1992

அக்காவுக்கு,

நேத்து உங்க லெட்டரைக் கையில எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போனேன். டாக்டரம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பாதியில நிறுத்தச் சொன்னாக.

"இதை எழுதினது யாரு?"

"எங்க அக்கா. ஹெல்த் நர்சா இருந்து ரிட்டயர் ஆனவுக."

"அவங்களுக்கு வயசு என்ன?"

அறுபதுன்னு சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜைல வச்சாக. "சிநேகிதிக்காகக் கேக்கிறவங்க தோல் எப்படி இருக்குன்னு இம்புட்டு விவரமா எழுத மாட்டாங்கம்மா. ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே லேட்"னாக.

பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். அம்மா மறைச்ச மாதிரியே நீங்களும் மறைச்சிருக்கீக. என்னை விரட்டி விரட்டி அனுப்புனீகளே, அப்பவே உங்களுக்கு இருந்துச்சா? அடுத்த பிளேனுக்கு வாங்க. எங்க வீட்டுல இடம் இருக்கு, நான் கூட வாரேன் ஆஸ்பத்திரிக்கு. பதில் வரலைன்னா ஞானராஜுக்கு எழுதிருவேன்.

அருள்செல்வி

*

டெட்ராய்ட்
2-2-1992

அருள்செல்விக்கு,

இனி உன்னிடம் சுகம் என்று எழுத முடியாது. ஆமாம், எனக்குத்தான்.

போன வருஷம் மார்ச் மாதம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. தொட்டவுடனே என்ன என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அப்போதே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஞானராஜின் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது தெளியட்டும் என்றிருந்தேன். பிறகு வேலை போயிற்று. அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான், அந்த முகத்திடம் போய் என்ன சொல்ல. பிறகு எஸ்தருக்கு மசக்கை. நான் கிளம்பினால் அவள் வேலையை விடவேண்டும், வீடு பாங்குக்காரனுக்குப் போய்விடும். இப்படி ஒவ்வொன்றாக. மம்சாபுரத்துப் பெண்கள் சொன்ன அதே பேச்சுதான். அவர்களை எவ்வளவு ஏசியிருக்கிறேன். அவர்கள் வாசலில் நான் ஐந்து நிமிஷம்தான் நின்றேன், உள்ளே என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஞானராஜிடம் சொன்னால் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கார்டு இல்லாமல் இந்த நோய்க்கு இங்கே வைத்தியம் பார்த்தால் அவன் பிள்ளைகள் தலையில் அது ஏறும். பிரசவம் முடிந்ததும் பென்ஷன் விஷயம் என்று சொல்லி நானே வந்துவிடுகிறேன். அதுவரை எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ தப்பித்தாய். அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

அக்கா

*

ராஜபாளையம்
20-2-1992

அன்புள்ள ஞானராஜுக்கு சித்தி எழுதுறது. எஸ்தரையும் பிள்ளையையும் விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா என்னை எழுதக் கூடாதுன்னு சொல்லிருக்காக. நான் எழுதுறேன். உங்க அம்மாவுக்கு மார்புல கட்டி இருக்கு. ஒரு வருஷமாகப் போகுது. உனக்குப் பாரமாயிரும்னு மறைச்சு வச்சிருக்காக. மதுரை டாக்டரம்மா ஒரு நாளும் தள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டாக. அங்க பாக்க முடிஞ்சா பாரு, இல்லைன்னா உடனே அனுப்பி வை. என் பேர்ல கோபப்பட்டா படட்டும். உயிரோட இருந்து கோபப்படட்டும்.

சித்தி
அருள்செல்வி

*

டெட்ராய்ட்
26-4-1992

அன்புள்ள சித்திக்கு ஞானராஜ் எழுதுவது. எஸ்தருக்குப் போன வாரம் ஆண் குழந்தை. இருவரும் நலம். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தோடு போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அருளு எழுதிட்டாளா" என்றார்கள். கல்லில் கிடந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இதைச் சாப்பிட்டுப் பேசுவோம்" என்றார்கள்.

கார்டு இல்லாதவர்களைப் பார்க்கிற ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு பகல் முழுவதும் பெஞ்சில் காத்திருந்தோம். எலும்பிலும் கல்லீரலிலும் பரவிவிட்டது என்றார்கள். போன வருஷம் வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருக்கலாம் என்றார் அந்த டாக்டர். தனியாக இன்ஷூரன்ஸ் வாங்க மூன்று இடத்தில் முயன்றேன். முன்பே இருந்த நோய் என்று மூன்று இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள்.

சித்தி, இதை யாரிடமாவது சொல்லவேண்டும். போன அக்டோபரில் எங்கள் சர்ச் வாசலுக்கு ஒரு வேன் வந்தது. கார்டு இல்லாத பெண்களுக்கு மார்பைப் படம் எடுத்துப் பார்க்க, இலவசம். எஸ்தர் அம்மாவைப் போகச் சொல்லியிருக்கிறாள். அம்மா வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஏன் என்று இப்போது கேட்டேன். "பாக்கிறது இலவசம்பா. பாத்ததுக்கு அப்புறம்?" என்றார்கள்.

ஊருக்குப் போகவேண்டும் என்கிறார்கள். ஜூனில் பாதிரியார் மகனோடு அனுப்புகிறேன். எனக்குப் புது வேலை கிடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது, லீவு கேட்டால் அனுப்பிவிடுவார்கள். இந்த வேலையிலும் கார்டு உண்டு. நான், எஸ்தர், பிள்ளைகள்.

உங்கள்
ஞானராஜ்

*

ராஜபாளையம்
18-11-1992

அன்புள்ள ஞானராஜுக்கு சித்தி எழுதுறது. நீங்க எல்லாரும் எப்படி இருக்கீகன்னு கேக்கக்கூட எனக்கு இப்ப தெம்பில்லை. போன்ல சேதி சொன்னப்ப சத்தம் சரியாக் கேக்கலை, நீயும் அழுதுக்கிட்டிருந்தே. அதனால நடந்ததை எழுதுறேன்.

ஜூன்ல இறங்கினப்பவே பாதி உடம்புதான் வந்துச்சு. மதுரை டாக்டரம்மா பாத்துட்டு என்னைத் தனியா வெளியே கூட்டிட்டுப் போனாக. வலிக்கு மட்டும் மாத்திரை குடுத்தாக. கரண்ட் வச்சதுல கொஞ்ச நாள் முதுகு வலி குறைஞ்சுச்சு. பொறவு புண்ணு உடைஞ்சுருச்சு. காலையிலும் ராத்திரியும் நான் கழுவிக் கட்டினேன். எப்படிக் கட்டணும்னு படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாக, அம்மாவுக்கு அவுக கட்டின மாதிரியே.

உன்னைப் பத்தி என்ன சொன்னாகன்னு கேட்டியே. கோபமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும், "அவன்கிட்ட அன்னைக்கே சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பான், அருளு"ன்னு கேட்டாக. "வீட்டை வித்தாவது பாத்திருப்பான்க்கா"ன்னேன். "ஆமா, பாத்திருப்பான்"னு சொல்லிட்டுச் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அதுல என்ன நினைச்சாகன்னு எனக்குத் தெரியலை. நானா ஒண்ணு கூட்டி எழுத மனசில்லை.

நர்சம்மா வந்திருக்காகன்னு தெரிஞ்சு, செப்டம்பர்ல மம்சாபுரத்துல இருந்து பொம்பளைக வர ஆரம்பிச்சாக. முதல்ல பிச்சையம்மாள் வந்தா. பொறவு நாலு பேரு, அஞ்சு பேரு. ஆரஞ்சு வாங்கிட்டு வந்து ஓரமா உக்காந்து அழுவாக. ஒரு நாள் அக்கா என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாக. சேலையை விலக்கி, பிச்சையம்மா கையைப் பிடிச்சு, புண்ணுக்கு இந்தப் பக்கம் உடையாம இருந்த இடத்துல வச்சு, "அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருக்கா? இதுதான். இப்படி ஒண்ணு கையில பட்டா அன்னைக்கே கிளம்பணும்"னாக. நான் தடுத்தேன். "சும்மா இரு. வாயால சொல்லித்தானே அத்தனை வருஷம் போச்சு. தொட்டுப் பாத்தா மறக்க மாட்டாக"ன்னாக. அதுக்குப் பொறவு யாரு வந்தாலும் அப்படித்தான். வலியில முகம் சுண்டிப் போகும், கையை விட மாட்டாக. கடைசி வாரம் பேச்சு நின்னுபோச்சு. அப்பவும் ஒருத்தி பக்கத்துல உக்காந்தா கை தேடிக்கிட்டே இருந்துச்சு.

ஒன்பதாம் தேதி விடியக்காலை போயிட்டாக. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்துல உங்க அப்பாவுக்குப் பக்கத்துல வச்சிருக்கோம்.

நேத்து சாயங்காலம் வேலுத்தாய்னு ஒருத்தி வந்தா. மம்சாபுரம்தான், காட்டு வேலைக்குப் போறவ, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். துக்கம் விசாரிச்சுட்டு எல்லாரும் போன பொறவும் அவ போகலை. கதவைச் சாத்திட்டு, என் கையை எடுத்து அவ மார்புல வச்சா. இருந்துச்சு. சின்னதில்லை.

எத்தனை நாளா இருக்குன்னு கேட்டேன். "சோளம் அறுப்பு முடியட்டும்னு இருந்தேன்"னா. எந்த வருஷத்து அறுப்புன்னு நான் கேக்கலை.

இப்ப அவ இங்கதான் படுத்திருக்கா. காலையில முதல் பஸ்ஸுக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
சித்தி
அருள்செல்வி